கூடப் போறவ

அக்டோபர் 6, திங்கள்

புது ஊர், புது ஸ்கூல். ஊர் பேரை எழுத மாட்டேன், எனக்குப் பிடிக்கல. ஈரோட்டுப் பக்கம், அவ்வளவுதான். கடல் கிடையாது. அம்மாவுக்கு இங்கன ஆஸ்பத்திரிக்கு மாத்தலாயிட்டு. நர்ஸ் வேலைன்னா அப்படித்தானாம், எங்க போடுதாங்களோ அங்க போகணுமாம். ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள்ளயே ஒரு குவார்ட்டர்ஸ் குடுத்திருக்காவ. எங்க ஊர் மணப்பாட்டுல வீட்டைப் பூட்டி சாவிய சித்திட்ட குடுத்தாச்சு. அப்பா எப்பவும்போல கப்பல்ல. போன் வந்தாத்தான் உண்டு.

எனக்கு ஏழாம் வகுப்பு ஆ பிரிவு. காலாண்டு லீவு முடிஞ்சு மொத நாள், அதனால எல்லாவளும் என்னயத்தான் பாத்தாளுவ. சுகந்தி மிஸ் கடைசி பெஞ்சுல உக்கார வச்சாவ. பெஞ்சு முழுக்க எனக்கே. காலை நீட்டிக்கூட உக்காரலாம்.

பேர் எழுதும்போது பேனா மக்கர் பண்ணிச்சு. "சவம், எழுத மாட்டேங்கு"ன்னு சொல்லிட்டேன். எங்க ஊர்ல பேனா எழுதலன்னாலும் சவம், பஸ் வரலன்னாலும் சவம், அதுல ஒண்ணுமே கிடையாது. முன்னால இருந்த நிவாஷினின்னு ஒருத்தி திரும்பிப் பாத்து, "யாரு புள்ள செத்துப் போனது?"ன்னு கேட்டா. வகுப்பே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன செய்ய.

சாயங்காலம் அம்மா வந்ததும் வராததுமா, பிள்ளைய எல்லாம் எப்படின்னு கேட்டா. நல்லவளுவதான்னேன். கூட்டாளி யாராவது கெடச்சாளான்னு கேட்டா. நிவாஷினின்னேன். அந்நேரம் வாயில வந்த பேரு அதுதான், வேற பேரு எனக்கு இன்னும் தெரியாதுல்லா. அம்மாவுக்கும் அங்கன நல்ல செட்டாம். சிஸ்டர்மார் எல்லாரும் தங்கமானவங்களாம். மத்தியானம் வட்டமா உக்காந்து பங்கு வச்சுச் சாப்பிட்டாவளாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

இனி நெத்திலிக் கருவாடு கொண்டு போகக் கூடாது. அம்மாட்ட வயிறு சரியில்லன்னு சொல்லிட்டேன். நிவாஷினி செட்டு மூக்கைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போச்சுன்னு சொல்லல.

அக்டோபர் 10, வெள்ளி

இன்னைக்கு மூணாவது பெஞ்சு பிள்ள ஒருத்திக்குப் பிறந்தநாள். எங்க பழைய ஸ்கூல்ல மாதிரியேதான் இங்கயும். காலையில ப்ரேயர்ல பேர் வாசிக்காவ. அவ கலர் டிரஸ்ல வந்து நிப்பா, எல்லாரும் கை தட்டுவோம். ரெண்டாவது பீரியட்ல மிட்டாய் டப்பாவ எடுத்துக்கிட்டு எல்லா கிளாசுக்கும், ஸ்டாஃப் ரூமுக்கும் போகணும். தனியா போக விடமாட்டாவ, கூட ஒருத்தியைக் கூட்டிட்டுப் போகணும். மிஸ் கேப்பாவ, "யாரைக் கூட்டிட்டுப் போற கண்ணு?"ன்னு. அவ ஒரு பேர் சொல்லுவா.

அந்தப் பேர் சொல்லுத வரைக்கும் வகுப்பே மூச்சு விடாது. எல்லாவளுக்கும் டப்பா பிடிக்க ஆசை. பாடம் கட் ஆகும், மிச்ச மிட்டாயில ரெண்டு அதிகமா கெடைக்கும். அதுக்கும் மேல, எல்லா கிளாஸ் பிள்ளையளும் பாக்கும், இவ இன்னாருக்குக் கூட்டாளின்னு.

எனக்கு நவம்பர் 21. போன வருசம் வரைக்கும் பழைய ஸ்கூல்ல என்கூட மெர்சி வந்தா. அவளுக்கு நான் போவேன். அதைப் பத்தி நாங்க பேசிக்கிட்டதே கிடையாது.

இன்னும் நாள் கெடக்கு. அதுக்குள்ள யாராவது வராமலா போவாளுவ.

டிபன் ரெண்டையும் கழுவினேன். அது என் வேலை. அம்மா சிஸ்டர்மாருக்குன்னு கூட ஒரு டப்பால கருணைக்கிழங்கு வறுவல் கொண்டு போயிருந்தா. அப்படியே இருந்துச்சு. இன்னைக்கு யாருக்கும் பசியில்லையாம். ராத்திரி அதைத்தான் சாப்பிட்டோம்.

அக்டோபர் 16, வியாழன்

நான் எந்திரிச்சுப் போனா பெஞ்சுல விரலால தட்டுதாளுவ. சாவு வீட்டுக் கொட்டு மாதிரி. ஒருத்தி ஆரம்பிச்சா வரிசையா எல்லாவளும். மிஸ் திரும்பினா கை எல்லாம் நோட்டு மேல இருக்கும். என் பேரு ஜெனிட்டா. அந்தப் பேரை அட்டெண்டன்ஸ்ல மிஸ் மட்டுந்தான் சொல்லுதாவ, மத்தவளுவளுக்கு நான் சவம்.

எனக்கு இதெல்லாம் ஒண்ணும் கிடையாது. ஒருத்திக்காவது தாளம் ஒழுங்கா போடத் தெரியுதா, அதுவும் தெரியல.

மத்தியானம் நான் தண்ணி டேங்குக்குப் பின்னால படியில உக்காந்து சாப்பிடுதேன். அங்கன காத்து நல்லா இருக்கு.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அம்மாவுக்கு டூட்டி. எல்லாரும் லீவு கேட்டப்ப, நாம கிறிஸ்தவங்கதானே, நான் பாத்துக்கிடுதேன்னு அம்மாவே சொன்னாளாம். சிஸ்டர்மார் எல்லாரும் பலகாரம் கொண்டு வந்து தருவாவ, சோறு கம்மியா வையின்னு சொல்லிட்டுப் போனா. கம்மியாத்தான் வச்சேன்.

சாயங்காலம் வெறுங்கையோட வந்தா. பாவம், எல்லாவளுக்கும் வீட்டுல வேலைன்னா. திரும்ப உலை வச்சோம்.

அக்டோபர் 27, திங்கள்

வகுப்புக்கு ஒருத்தி புதுசா வந்திருக்கா. ஜமுனா மாஜி. ஒடிசாக்காரி. அவ அப்பாவும் அம்மாவும் நூல் மில்லுல வேலை, மில் லைன் வீட்டுல இருக்காவ. தமிழ் புரியுது, பேசத்தான் திக்குது. மிஸ் என் பெஞ்சுல உக்கார வச்சுட்டாவ. இனிமே கால் நீட்ட முடியாது.

அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "எஸ் மிஸ்"ஸுக்குப் பதிலா "ஜீ"ன்னா. அவ்வளவுதான். மத்தியானத்துக்குள்ள வகுப்பு முழுக்க ஜீ, ஜீ. அவ தண்ணி குடிக்க எந்திரிச்சா, விரல் எல்லாம் பெஞ்சுல.

அவ திரும்பி என்னயப் பாத்தா. நான் சயின்ஸ் புக்கைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

இன்னைக்கு எனக்கு யாரும் தட்டல. எழுதக் கூடாதுதான், ஆனா நிம்மதியா இருந்துச்சு.

அக்டோபர் 30, வியாழன்

நிவாஷினி என்னயச் சாப்பிடக் கூப்பிட்டா. நானா போய்க் கேக்கல, அவளாத்தான். "ஏ புள்ள, அங்க டேங்குக்குப் பின்னாடி தனியா என்ன பண்ற, வா"ன்னா. வராண்டாவுல வட்டமா உக்காந்திருந்தாளுவ. எனக்கு இடம் விட்டாளுவ. தக்காளிச் சோறு வாங்கினேன், என் எலுமிச்சைச் சோறு குடுத்தேன். அவளுக்கு எங்க கடலைப் பத்திக் கேக்கணுமாம். சொன்னேன், கொஞ்சம் சேத்தும் சொன்னேன்.

கடைசி பீரியட் ஜமுனா போர்டுல கணக்குப் போடப் போனா. தட்ட ஆரம்பிச்சாளுவ. நிவாஷினி திரும்பி என்னயப் பாத்தா. என் கை சும்மாத்தான் பெஞ்சு மேல இருந்துச்சு. ரெண்டு தட்டுதான். அதுவும் மெதுவா.

எங்க பெஞ்சுல நான் இந்த ஓரம், அவ அந்த ஓரம். நடுவுல என் பையை வச்சிருக்கேன்.

நவம்பர் 5, புதன்

நிவாஷினி வாரேன்னு சொல்லிட்டா! நானும் நேராக் கேக்கல. என் பிறந்தநாள் 21ஆம் தேதின்னு சும்மா சொல்லி வச்சேன். "டப்பா நான்தான் பிடிப்பேன், வேற யாரையாச்சும் கூப்பிட்ட, அப்பறம் பாரு"ன்னா.

அம்மாட்ட சொன்னேன். சந்தோசமா கேட்டுக்கிட்டா. ஆனா செத்த நேரம் கழிச்சு, நிஜமாவே வாரேன்னு சொன்னாளா, நம்மளாக் கேட்டுக்கிட்டோமான்னு கேட்டா. என்ன கேள்வி இதுன்னு எனக்குக் கோவம் வந்துட்டு. அப்ப சாயங்காலம் வீட்டுக்கும் கூட்டிட்டு வா, கேசரி செய்து வைக்கேன்னா. அன்னைக்கு லீவு போட்டுருக்காளாம். சும்மா இல்ல, அதுக்குப் பதிலா கிறிஸ்துமஸ் ராத்திரி டூட்டிய எடுத்துக்கிட்டா. பூசைக்கு எப்படிம்மா போவோம்னு கேட்டேன். கிறிஸ்துமஸ் வருசா வருசம் வரும்னா. பிறந்தநாளும் வருசா வருசந்தான் வரும். நான் எதுத்துப் பேசல, எனக்கு லீவு வேணும்.

நவம்பர் 12, புதன்

கம்ப்யூட்டர் லேபுக்கு வெளியே செருப்பைக் கழத்திப் போட்டுட்டுத்தான் உள்ள போகணும். வெளிய வந்து பாத்தா ஜமுனாவோட செருப்புல ஒண்ணைக் காணல. எல்லாவளும் போன பெறகும் குனிஞ்சு குனிஞ்சு தேடிக்கிட்டு இருந்தா. கடைசியில ஒத்தச் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு வெறுங்காலோட மில் லைனுக்கு நடந்தா. ரோடு வேலை நடக்கு, வழி முழுக்க ஜல்லி.

செருப்பு சைக்கிள் ஸ்டாண்டு தகரத்து மேல கெடக்கு. யார் எறிஞ்சான்னும் தெரியும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவ கேக்கல.

நவம்பர் 20, வியாழன்

டப்பா ரெடி. காபி மிட்டாய், எல்லா கிளாசுக்கும் காணும். சுடிதார் மாம்பழக் கலர். அம்மா நாலு தட்டைக் கழுவிக் கவுத்து வச்சிருக்கா. எதுக்கு நாலுன்னா, நிவாஷினி தம்பியையும் கூட்டிட்டு வந்தாலோன்னா. அவளுக்குத் தம்பி இருக்கான்னு நான் எப்பச் சொன்னேன், எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.

நவம்பர் 21, வெள்ளி

எழுதணுமான்னு இருக்கு. எழுதிருதேன்.

ப்ரேயர்ல பேர் வாசிச்சாவ. ஆறாம் வகுப்புல ஒருத்தி, ஒம்பதாம் வகுப்புல ஒருத்தி. நான் மூணாவதா இருக்கும்னு முடியைச் சரி பண்ணிக்கிட்டு நின்னேன். அதோட மைக்கை வச்சுட்டாவ. யூனிபார்ம் கூட்டத்துக்கு நடுவுல நான் மட்டும் மாம்பழக் கலர்.

வகுப்புக்கு வந்ததும் மிஸ் ரிஜிஸ்டரப் பொரட்டிப் பாத்தாவ. "உனக்கு மே இருபத்தெட்டுன்னுல்ல கண்ணு போட்டிருக்கு?" அப்பத்தான் எனக்கு ஞாபகமே வருது. ஒண்ணாம் வகுப்புல சேக்கும்போது வயசு பத்தலன்னு அப்பா மே மாசம்னு குடுத்துட்டாவ. எங்க ஸ்கூல்ல டீச்சர்மாருக்கு எல்லாருக்கும் அது தெரியும், யாரும் ரிஜிஸ்டரப் பாக்க மாட்டாவ. இங்க யாருக்கு என்னயத் தெரியும்?

எந்திரிச்சு நின்னு சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்துச்சு. நிவாஷினி எந்திரிச்சா. "மிஸ், மிட்டாய் குடுக்கோணும்னு ஏமாத்தறா மிஸ்." எல்லாவளும் சிரிச்சாளுவ. மிஸ் அவளை உக்காரச் சொல்லிட்டு, எனக்கும்தான் ரெண்டு பிறந்தநாள் இருக்கு, எங்கப்பாவும் அப்படித்தான் செஞ்சார்னு சொன்னாவ. நல்ல மிஸ்தான். அதோட விட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். "சரி, யாரைக் கூட்டிட்டுப் போற?"ன்னு கேட்டாவ.

நிவாஷினின்னேன். வேற எந்தப் பேரச் சொல்ல? வயிறு வலிக்குது மிஸ்னு சொல்லி டெஸ்க்ல தலையக் கவுத்துக்கிட்டா. மிஸ் மத்தவளுவளப் பாத்தாவ. எல்லாவளும் புக்கைத் தொறந்துட்டாளுவ.

டப்பாவோட நின்னேன். பக்கத்துல ஜமுனா. நான் அவ பேரை அதுவரைக்கும் ஒரு வாட்டிகூட வாயால சொன்னது கிடையாது. "ஜமுனா, நீ வாரியா?"ன்னேன்.

அவ எந்திரிச்சா. எந்திரிச்சதும் எனக்கு உசுரு வந்துட்டு. டப்பாவைக்கூட நீட்டிட்டேன். அவ டப்பாவைப் பாத்தா, என் கையைப் பாத்தா. நிதானமா, "மாட்டேன்"னா. உக்காந்துட்டா.

அவ்வளவு தெளிவா அவ தமிழ் பேசி நான் கேட்டதே இல்ல. யாரும் சிரிக்கல, தட்டவும் இல்ல. மிஸ்ஸே டப்பாவை வாங்கி வகுப்புக்கு மட்டும் ஆளுக்கு ஒண்ணு குடுத்தாவ. மிச்சத்தை மூடி என் கையில தந்தாவ. ஜமுனா அவ மிட்டாயைப் பிரிக்கல, டெஸ்க் மேலயே வச்சுட்டுப் போயிட்டா.

சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழைஞ்சா நெய் மணம். அம்மா வாசலுக்கு வந்து என் பின்னால பாத்தா. நிவாஷினிக்கு வயித்து வலின்னேன். அது பொய்யும் கிடையாது. சொல்லிட்டு டப்பாவோடயே தரையில உக்காந்துட்டேன்.

அம்மா பக்கத்துல உக்காந்தா. "ஏட்டி ஜெனி, அந்தப் பிள்ளையோட அம்மா மூணு வாரத்துக்கு முன்னால சின்னப் பயலுக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்கு வந்தா. நான் போய், உங்க மகளும் என் மகளும் உசுருன்னு சொன்னேன். அப்படி ஒரு பேரையே எம்மக சொன்னதில்லையேன்னுட்டா."

அம்மாவுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் கேசரி, தெரிஞ்சுதான் நாலு தட்டு. எதுக்கும்மா அப்பன்னு கத்தினேன். "நீயா சொல்லுவேன்னு பாத்தேன். அதுக்குள்ள அவளே வாரேன்னு சொன்னான்னதும், சரியாப்போச்சுன்னு நெனச்சுட்டேன்."

அதோட விடாம அம்மா மேலயே பாய்ஞ்சேன். நீ மட்டும் யோக்கியமா, டிபனைக் கழுவுதவ நான்தானே, உன் டப்பா எல்லாம் எப்படித் திரும்பி வருதுன்னு எனக்குத் தெரியாதான்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அம்மா மொகம் போன போக்கு.

கவுத்து வச்ச தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னா. "ஸ்டோர் ரூம்ல ஒரு ஸ்டூல் கெடக்கு. அதுல உக்காந்து சாப்பிடுதேன். சண்டை ஒண்ணும் இல்ல. அவங்கல்லாம் பல வருசம் பழகினவங்க, நான் போனா பேச்சு நின்னுருது. அதான்."

தட்டு எதையும் எடுக்கல. சட்டியோடயே வச்சு ரெண்டு பேரும் கேசரியச் சாப்பிட்டோம். நாலு பேருக்குச் செய்தது, முக்காவாசி தீந்துட்டு.

ஜமுனா மாட்டேன்னு சொன்னதை மட்டும் அம்மாட்ட சொல்லல. சொன்னா ஏன்னு கேப்பா.

நவம்பர் 24, திங்கள்

பழையபடி டேங்குப் படிக்குப் போனேன். அங்கன ஜமுனா உக்காந்திருந்தா. நான் வராண்டாவுக்குப் போன நாள்லேருந்து அவதான் அங்க சாப்பிடுதா போல. திரும்பிப் போகவும் வேற இடம் கிடையாது. அவ கீழ்ப் படி, நான் மேல் படி. காத்து ஒண்ணும் அவ்வளவு நல்லா இல்ல அங்க, டேங்கு கசிஞ்சு ஒரே பாசி நாத்தம். முன்னாடி ஏன் அப்படி எழுதினேன்னு தெரியல.

இப்ப எனக்கும் தட்டுதாளுவ, அவளுக்கும் தட்டுதாளுவ.

நவம்பர் 27, வியாழன்

மழை. படியில உக்கார முடியல. வகுப்புலயே சாப்பிட்டோம், அவ அந்த ஓரம், நான் இந்த ஓரம்.

டிசம்பர் 3, புதன்

வாட்ச்மேன் தாத்தாட்ட ஒட்டடைக் கம்பு வாங்கி சைக்கிள் ஸ்டாண்டு தகரத்துலேருந்து செருப்பைத் தள்ளி எடுத்தேன். மழையில நனைஞ்சு வார் வெளுத்துட்டு. பைப்புல கழுவி, அவ வாரதுக்கு முன்னால டெஸ்க்குக்கு அடியில வச்சேன். அவ காலுல இப்ப வேற செருப்பு கெடக்கு, ஆம்பளையள் போடுத மாதிரி பெருசு. அவ அப்பாவோடதா இருக்கும்.

பாத்தா. எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கல. அங்கதான் கெடந்துச்சு, எனக்கு அன்னைக்கே தெரியும்னு நானே சொன்னேன். சொன்னா திட்டுவான்னு நெனச்சேன். திட்டியிருக்கலாம். தலைய மட்டும் ஆட்டிட்டு செருப்பை நோட்டுப் பேப்பர்ல சுத்திப் பைக்குள்ள வச்சுக்கிட்டா. மத்த செருப்பை வீட்டுல பத்திரமா வச்சிருக்கா போல.

நடுவுல இருந்த என் பையைத் தூக்கிக் கீழ வச்சேன்.

டிசம்பர் 11, வியாழன்

கீழ்ப் படியிலதான் இன்னும் உக்காருதா. கணக்குல ஒரு சந்தேகம் கேட்டேன். சொல்லித் தந்தா. எனக்கு அந்தக் கணக்கு தெரியும்.

டிசம்பர் 25, வியாழன்

நேத்து அம்மா டூட்டிக்குப் போயிட்டா. கதவைப் பூட்டிக்கிட்டுப் படுன்னு சொல்லிட்டுப் போனா. குடில் வைக்கல, ஸ்டார் மட்டும் கட்டினேன். காம்பவுண்டுலயே எங்க வீட்டுல மட்டுந்தான் ஸ்டார். மணப்பாட்டுல இந்நேரம் தெரு முழுக்க ஸ்டாரா இருக்கும். மெர்சிக்குப் போன் போட்டேன், எடுக்கல, கோயிலுக்குப் போயிருப்பா.

காலையில அம்மா வந்தா. கையில ஒரு சம்படம். அது எங்களது கிடையாது, மூடி வேற மாதிரி இருந்துச்சு. தொறந்தா முறுக்கு. எதுத்த வார்டு சிஸ்டர் விடியக் காலமே வந்து, "உங்களுக்கு இன்னைக்குப் பண்டிகைங்களே, போய்ப் புள்ளையக் கூட்டிட்டுக் கோயிலுக்குப் போங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்"னு சொல்லி அனுப்பிட்டாவளாம். நம்பவா வேண்டாமான்னு அம்மா மொகத்தைப் பாத்தேன். சம்படம் பொய் சொல்லாதுல்லா.

எட்டு மணிப் பூசைக்குப் போனோம். வந்து டிபனோட அந்தச் சம்படத்தையும் சேத்துக் கழுவி வச்சேன். சும்மா திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு அம்மா அதுல அச்சு முறுக்கு சுட்டு வைக்கப் போறா.

பாத்திரம் எடுக்கையில அலமாரி மேல என் மிட்டாய் டப்பா தட்டுப்பட்டுச்சு. தள்ளி வச்சேன்.

ஜனவரி 5, திங்கள்

லீவு முடிஞ்சு இன்னைக்கு ஸ்கூல். லீவுல பிறந்தநாள் வந்தவளுவ பேரையும் சேத்து ப்ரேயர்ல வாசிச்சாவ. ஜனவரி ஒண்ணு, ஜமுனா மாஜி, ஏழு ஆ. அவ அசையவே இல்ல. வேற யாரோன்னு நெனச்சா போல. மிஸ் வந்து தோளைத் தொட்டப்பத்தான் முழிச்சுக்கிட்டு முன்னால போனா. பழைய யூனிபார்ம், ஒரு வார் வெளுத்த செருப்பு. கை தட்டல்ல பாதி சிரிப்பு.

வகுப்புல, மிட்டாய் எங்க, கலர் டிரஸ் எங்கன்னு நிவாஷினி ஆரம்பிச்சா. விரல் எல்லாம் பெஞ்சுக்கு வந்துட்டு. ஜமுனா டெஸ்க்கைப் பாத்துக்கிட்டே இருந்தா. அந்த எடத்துல நான் நின்னிருக்கேன். எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு.

மத்தியானம் படியில கேட்டேன், அன்னைக்கு நிஜமாவே உனக்குப் பிறந்தநாளான்னு. இல்லன்னு தலைய ஆட்டினா. பெறகு மெல்ல மெல்லச் சொன்னா. இங்க மொதல்ல ஒரு ஸ்கூல்ல சேக்கும்போது தேதி கேட்டாவளாம். அப்பாவுக்குத் தெரியல, அம்மா மில்லுல இருந்தா. அவங்களே ஜனவரி ஒண்ணுன்னு எழுதிக்கிட்டாவளாம். "என் அண்ணனுக்கும் ஜனவரி ஒண்ணு. பக்கத்து வீடு பையனுக்கும் ஜனவரி ஒண்ணு. லைன்ல எல்லாருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அடக்கப் பாத்தேன், முடியல. அவ மொகம் மாறினதும் அவசர அவசரமா, உன்னயச் சிரிக்கல, எனக்கும்தானே மே மாசம், நீயும் பாத்தியேன்னேன். பெறகு அவளும் சிரிச்சா. பல்லு வரிசை நல்லா இருக்கு அவளுக்கு, இத்தனை நாள் பாத்ததில்ல.

அப்ப நிஜமா எப்பன்னு கேட்டேன். ஊர்ல தேர் இழுப்பாங்களாம், அதுக்கு அடுத்த நாளாம். மழை பெஞ்சுக்கிட்டே இருக்குமாம். தேதி தெரியாதாம். அம்மாவுக்கு அந்த மழை தெரியுமாம்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேலருந்து டப்பாவை எடுத்தேன். மிட்டாய் லேசா இளகிப் பேப்பர்ல ஒட்டியிருக்கு. கெட்டுப் போகல, ஒண்ணு தின்னு பாத்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

ரெண்டாவது பீரியடுக்கு முன்னால டப்பாவை ஜமுனாக்கு முன்னால வச்சேன். இன்னைக்கு நீ குடுன்னேன். வேண்டாம்னா மாட்டேன்னு சொல்லிரு, எனக்குக் கோவம் வராதுன்னும் சொன்னேன். வந்திருக்கும், ஆனா அப்படித்தான் சொன்னேன். அவ மூடியைத் தொறந்து பாத்து, இது உன்னோடதுதானேன்னா. எனக்கு மே மாசம்தானேன்னேன்.

மிஸ் டப்பாவைப் பாத்தாவ, என்னயும் பாத்தாவ. கலர் டிரஸ் எங்கன்னு கேக்கல. "சரி ஜமுனா, யாரைக் கூட்டிட்டுப் போற?"

நான் டெஸ்க்கைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ டப்பாவோட எந்திரிச்சு நின்னு மொத பெஞ்சுலேருந்து ஒவ்வொருத்தியாப் பாக்கா. நிவாஷினிகூட நிமிந்து உக்காந்துட்டா, மிட்டாய்னா அவளுக்கு ஜீயும் சவமும் ஞாபகம் இருக்காது. நிவாஷினியச் சொல்லிட்டா நான் என்ன செய்ய? சொல்லட்டும், சொல்ல அவளுக்கு உரிமை இருக்குன்னு நெனச்சேன். மனசார நெனச்சேன்னு எழுத முடியல.

"ஜெனிட்டா"ன்னா.

இந்த ஸ்கூல்ல மிஸ்ஸைத் தவிர ஒருத்தி என் பேரச் சொல்லி இன்னைக்குத்தான் கேக்கேன். எந்திரிச்சேன். டப்பாவை என் கையில குடுத்தா. வாசல் தாண்டும்போது உள்ள தட்ட ஆரம்பிச்சாளுவ. ஜமுனா நின்னு திரும்பிப் பாத்தா. நாலஞ்சு விரல் நின்னுச்சு, மத்தது நிக்கல. நாங்க போயிட்டோம்.

எல்லா கிளாசுக்கும் போனோம். ஸ்டாஃப் ரூம்ல ஒரு மிஸ், ரெண்டு பேரும் யூனிபார்ம்ல இருக்கீங்களே, யாருக்குப் பிறந்தநாள்னு கேட்டாவ. ஜமுனா என்னயப் பாத்தா, நான் அவளைப் பாத்தேன். "எங்களுக்கு"ன்னா ஜமுனா. அந்த மிஸ் ரெண்டு பேருக்கும் கை குடுத்தாவ.

மத்தியானம் படியில மிச்சத்தைத் தின்னோம். பேப்பர் ஒட்டிக்கிட்டுப் பிரியவே மாட்டேங்கு. "சவம்"னா ஜமுனா, எங்க ஊர்க்காரி மாதிரியே. இன்னைக்கு அவளும் மேல் படியிலதான் உக்காந்திருந்தா.

சாயங்காலம் அம்மா வந்ததும், யார்கூட சாப்பிட்டன்னு கேட்டா. இப்பல்லாம் அப்படித்தான் கேக்குதா. ஜமுனான்னேன். யாரு அது, எப்படி இருப்பான்னா. கூட்டிட்டு வாரேன், நீயே பாருன்னுட்டேன்.

அவகிட்ட இன்னும் கேக்கல. மாட்டேன்னு சொன்னாலும் சொல்லுவா. நாளைக்குக் கேக்கணும்.